பிறர் தொண்டையில் தன் குரல்

மும்பையில் டி. ஆர். பாலாமணியிடம் பாட்டுக் கற்றுக்கொண்டவர்களில் இருவரை உலகமே அறியும். ஒருவர் பம்பாய் ஜெயஸ்ரீ, இன்னொருவர் சங்கர் மகாதேவன். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஜெயஸ்ரீயின் குரல் தாழ இறங்கி, ஒவ்வொரு ஸ்வரத்திலும் தங்கி, அவசரமே இல்லாமல் நகரும். சங்கர் மகாதேவனின் குரல் நிமிர்ந்து திறந்து வரும், வேகத்தைத் தேடிப் போகும். 1998-இல் வெளியான 'பிரெத்லெஸ்' பாட்டில் மூச்சே விடாமல் பாடுவதாகக் கேட்பவரை நம்பவைத்த குரல் அது. இரண்டு குரலும் ஒரே ஆசிரியையின் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்டவை என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

பாட்டு ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய பெருமை கிடையாது என்பது என் எண்ணம். நம் ஊரில் பெருமை வேறு விதமாகத்தான் அளக்கப்படுகிறது. சிஷ்யை வாயைத் திறந்ததும் "குருவின் குரல் அப்படியே இருக்கு" என்று முன்வரிசை மெச்சுகிறது. அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். ஒரு தொண்டையில் இருப்பதை இன்னொரு தொண்டைக்கு மாற்ற முடியாது. மாற்ற முயன்றால் மாணவி தன் தொண்டையை இறுக்கி வேறொருவர் குரலைச் செய்துகாட்டுவாள். முப்பது வயதில் அந்தத் தொண்டை அதற்கான விலையைக் கேட்கும். அப்படியானால் பாட்டு வாத்தியார் எதைத்தான் கொடுக்கிறார்? அவரே மேடையிலும் பாடுகிறவராக இருந்தால் அந்தக் கொடுக்கல் வாங்கலில் என்ன மாறுகிறது? மும்பையில் தமிழர் வாழும் மாதுங்கா, செம்பூர்ப் பக்கத்துப் பாட்டு வகுப்புகளை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விகள் என்னைப் பின்தொடர்கின்றன.

முதலில் பாட்டு வாத்தியார்களின் உடம்பு படும் பாட்டைச் சொல்ல வேண்டும். அதை யாரும் எழுதுவதில்லை.

பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறார்கள். ஐந்து கட்டையின் ஆதார ஸட்ஜத்தில் குரல்நாண்கள் வினாடிக்கு ஏறத்தாழ 196 முறை அதிர்கின்றன. ஆண்களுக்குப் பொதுவாக ஒரு கட்டை. அங்கே ஸட்ஜம் ஏறத்தாழ 131. ஐந்து கட்டை ஆசிரியை ஒரு கட்டைப் பையனுக்கு வர்ணம் சொல்லிக்கொடுக்கிறார் என்று வையுங்கள். அவன் சௌகரியமாக மந்திர பஞ்சமத்துக்கு இறங்குவான். அவருக்கு அங்கே குரலே கிடையாது, வெறும் காற்றுதான் வரும். ஆனாலும் பாடிக்காட்டியாக வேண்டும். தொண்டையை அமுக்கி எப்படியோ பாடிக்காட்டுகிறார். அடுத்த அரைமணியில் எட்டு வயதுக் குழந்தை வந்து உட்காரும், அதற்கு ஆறு கட்டை. ஒரே சாயங்காலத்தில் அந்தத் தொண்டை எத்தனை சுருதிப்பெட்டிகளுக்கு வளைந்து கொடுக்கிறது! பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பையன்களுக்கு மகரக்கட்டு உடைகிறது. நேற்றுவரை எட்டிய இடம் இன்று எட்டாமல் அவன் வெட்கப்பட்டு வகுப்பையே விட்டுவிடப் பார்க்கும்போது, அவனைத் தக்கவைப்பதற்காக அவனுடைய உடைந்த சுருதியில் கூடவே பாடுவதும் அவர்தான். பேசியே பிழைக்கிற தொழில்களில் ஆசிரியத் தொழில்தான் குரலை அதிகம் தேய்க்கிறது என்று குரல் மருத்துவர்கள் சொல்வார்கள். பாட்டு ஆசிரியர் பேசவும் வேண்டும், பாடவும் வேண்டும்.

நேரத்திலும் மோதல் உண்டு. பிள்ளைகள் பள்ளி விட்டு வருவது மாலை. அலுவலகம் முடிந்து சென்ட்ரல் லைன், ஹார்பர் லைன் ரயில்களில் நசுங்கி வந்து சேரும் பெரியவர்களுக்கு ஏழு மணிக்கு மேல் வகுப்பு. சபாக் கச்சேரிக்கும் அதே மாலைதான். கோயில் நவராத்திரியும் ராமநவமி உற்சவமும் அப்படியே. ஒரு கச்சேரி ஒப்புக்கொண்டால் அன்றைய வகுப்புகள் போகும். வகுப்பை விட மனமில்லாதவர் கச்சேரியை விடுகிறார். இரண்டு வருஷம் இப்படிப் போனால் சபாக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். மேடையை மட்டுமே நம்பி வாழத் துணிந்தவர்கள் பெரும்பாலும் சென்னைக்குப் போய்விட்டார்கள். அருணா சாய்ராம், பம்பாய் ஜெயஸ்ரீ, ரஞ்சனி–காயத்ரி சகோதரிகள் என்று மும்பை வளர்த்துச் சென்னை வாங்கிக்கொண்ட குரல்கள் பல. இங்கேயே தங்கியவர்களுக்கு வகுப்புதான் சோறு. கச்சேரி, பெரும்பாலும் ஆசைக்கு.

அந்த ஆசையை ஏன் விடக்கூடாது? "சொல்லிக்கொடுக்கிறதே போறுமே மாமி, எதுக்கு இந்த அலைச்சல்?" என்று பெற்றோர்களே கேட்பதுண்டு. பிரியத்தில் கேட்கிற கேள்விதான். அதற்கு மரியாதையான பதில் சொல்ல வேண்டும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

மேடை ஏறாமலே பெரிய ஆசிரியராக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டால் பதில் எளிது. ஆனால் அது உண்மையாக இருக்காது. ஐரோப்பாவில் மானுவல் கார்சியா என்று ஒருவர் இருந்தார். தகப்பனார் பெயரும் மானுவல் கார்சியா, புகழ்பெற்ற பாடகர். மகனும் 1825-இல் தகப்பனாரின் குழுவோடு நியூயார்க் போய் ஓபரா பாடினார். ஆனால் இளம் வயதிலேயே குரல் ஓய்ந்துபோய் மேடையை விட்டுவிட்டார். அதன் பிறகு பாரிஸிலும் லண்டனிலும் அவர் சொல்லிக்கொடுத்த பாட்டுதான் ஒரு நூற்றாண்டையே பாட வைத்தது. 1841-இல் ஜென்னி லிண்ட் என்ற ஸ்வீடன் பாடகி, ஓயாமல் பாடிப் பாடிக் குரல் கெட்டுப்போய் அவரிடம் வந்தார். பாடம் எதையும் தொடங்காமல், வாய் திறக்காமல் சில வாரம் இருந்துவிட்டு வரும்படி அனுப்பினார் கார்சியா. பிறகு கற்பித்தார். அந்தப் பெண்ணின் குரல் மீண்டது, உலகப் புகழும் பெற்றது. தன் குரலை இழந்தவருக்குத்தான் அந்த மௌனத்தின் அவசியம் தெரிந்திருந்தது.

அதே கார்சியா 1854-இல் வேறொன்றும் செய்தார். பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, வெயிலை இன்னொரு கண்ணாடியால் உள்ளே திருப்பி, தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிய கட்டுரை வாசிக்கப்பட்டது. குரல்வளை மருத்துவம் வளர்ந்தது அந்தக் கண்ணாடியிலிருந்துதான். அப்படித் தன் குரல்நாண்களையே பார்த்தவர் மருத்துவர் அல்ல, பாட்டு வாத்தியார். அவருக்கு ஏன் அந்தத் தவிப்பு? பாடுகிறவருக்குத் தன் கருவி கண்ணில் படாது. வீணைக்காரர் தன் விரலைப் பார்க்கலாம், மிருதங்கக்காரர் தன் கையைப் பார்க்கலாம். பாடகருடைய வாத்தியம் உள்ளே இருட்டில் இருக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கலும் இருக்கிறது. பாடுகிறவர் தன் குரலை மற்றவர்கள் கேட்கிறபடி கேட்க முடியாது. என் குரல் உங்கள் காதுக்குக் காற்று வழியாக மட்டும் வருகிறது. என் காதுக்குக் காற்று வழியாகவும் வருகிறது, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு கீழ்ச்சுரங்களின் கனத்தைக் கூட்டிக் கொடுக்கும். அதனால்தான் ஒலிப்பதிவில் நம் குரலை முதன்முதலாகக் கேட்டவுடன், இது யார், நானா என்று திடுக்கிடுகிறோம். வாழ்நாள் முழுவதும் பாடினாலும் தன் குரலுக்குத் தான் சாட்சியாக இருக்க முடியாது. சாட்சி சொல்ல வேறொரு காது வேண்டும்.

மாணவருக்கு அந்தக் காது ஆசிரியர். இது எல்லோருக்கும் தெரியும். ஆசிரியருக்கு அந்தக் காது யார்?

செம்பூரில் பல வருஷமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவரும் ஒரு மாமி சொன்னது நினைவில் நிற்கிறது. ஒரு மாணவிக்கு மேல் ஸட்ஜம் வரும்போதெல்லாம் தாடை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது, ஸ்வரம் நெரிந்தது. மாமி மாதக்கணக்கில் திருத்திப் பார்த்திருக்கிறார். "தாடையைத் தளர்த்து, கண்ணா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஒருநாள், அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டாளாம்: "மாமி, நீங்களும் மேலே போறச்சே இப்படித்தானே பண்றேள்?" மாமி அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று பாடிப் பார்த்தார். அவள் சொன்னது சரி. இருபது வருஷக் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர்கள் சொல்லவில்லை, ரசிகர்கள் சொல்லவில்லை, ஒலிப்பதிவும் சொல்லவில்லை. ஒலிப்பதிவில் அந்த இடம் கொஞ்சம் இறுகி வருவது கேட்டிருக்கும், அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்காது. குழந்தையின் தாடைதான் காட்டிக்கொடுத்தது. அடுத்த நவராத்திரிக் கச்சேரியில் அந்த மேல் ஸட்ஜம் சுத்தமாக விழுந்ததாக மாமி சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன்.

பாடிக்கொண்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருப்பதன் அர்த்தம் எனக்கு அங்கே பிடிபட்டது. மாணவர்கள் ஆசிரியரின் நல்லதைப் படிக்கக் காலமெடுத்துக்கொள்வார்கள். குறையை உடனே படித்துவிடுவார்கள். அந்தக் குறை பத்துத் தொண்டைகளிலிருந்து திரும்பி வரும்போது ஆசிரியர் தன்னை முதன்முதலாக வெளியே நின்று கேட்கிறார். சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பாடிக்கொண்டே இருப்பவருக்கு இந்தக் காது கிடையாது. பாடுவதை நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொடுப்பவருக்குக் கேட்டதைச் சோதித்துப் பார்க்க இடம் கிடையாது. கார்சியாவைப் போன்றவர்கள் அந்த இடத்தைத் தங்கள் இழப்பின் ஞாபகத்திலிருந்து உண்டாக்கிக்கொண்டார்கள். அது எல்லோருக்கும் கைவருவதல்ல.

அப்படியென்றால் ஆசிரியர் கொடுப்பது குரல் அல்ல, காது. இதைச் சொன்னதும் பாலாமணியின் இரண்டு மாணவர்கள் இரண்டு திசையில் போனதற்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது. காது ஒன்று, அது போய்ச் சேர்ந்த தொண்டைகள் இரண்டு. ஹரிஹரனுக்கு முதல் குரு அவருடைய தாயார் அலமேலு மணி, மும்பையில் தலைமுறைகளுக்குக் கர்நாடக சங்கீதம் கற்பித்தவர். மகன் உஸ்தாத் குலாம் முஸ்தஃபா கானிடம் போய் இந்துஸ்தானி கற்று, கஜல் பாடகராக ஆனார். தாயார் கொடுத்தது ஒரு பாணியாக மட்டும் இருந்திருந்தால் அந்தப் பயணத்தில் அது பாரமாகியிருக்கும். சுருதி விலகினால் துடித்துப்போகிற காதாக இருந்தது. அதை எந்தச் சங்கீதத்துக்கும் எடுத்துப் போகலாம்.

ரஞ்சனி–காயத்ரி சகோதரிகளின் கதை இன்னும் தெளிவானது. சண்முகானந்தா சங்கீத வித்யாலயத்தில் டி. எஸ். கிருஷ்ணஸ்வாமியிடம் அவர்கள் முதலில் கற்றது வயலின். வயலினில் வீணைக்கு இருப்பதுபோல் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுகள் கிடையாது. விரல் ஒரு மயிரிழை தள்ளி விழுந்தால் ஸ்வரம் தப்பு, அதைக் காதுதான் கண்டுபிடித்தாக வேண்டும். அந்தக் காதோடு அவர்கள் பின்னால் வாய்ப்பாட்டுக்கு வந்தார்கள், பி. எஸ். நாராயணஸ்வாமியிடம் பாட்டுக் கற்றார்கள். இன்று அவர்கள் பாடும்போது இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்பதைக் கேட்டால் வில்லும் தந்தியும் செய்த வேலை புரியும்.

இதில் மும்பைக்கே உரிய பங்கு ஒன்று உண்டு என்பது என் நம்பிக்கை. சென்னையில் மாணவியைச் சுற்றிலும் கர்நாடக சங்கீதம். மாதுங்காவில் வகுப்பு முடிந்து கீழே இறங்கினால் பூக்கடையில் மராட்டி அபங்கம் ஒலிக்கும், டாக்சியில் லதாவின் பாட்டு வரும், பக்கத்துக் கட்டடத்தில் யாரோ கியால் பழகுவார்கள். வாத்தியார் என்னதான் கதவைச் சாத்தினாலும் இதெல்லாம் உள்ளே வரும். தன் நகலாக ஒரு மாணவியை வார்ப்பது இந்த ஊரில் நடக்காத காரியம். அருணா சாய்ராம் வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தாவிடம் கற்றவர். அதைவிடக் கட்டுக்காவலான பாடாந்தரம் கிடையாது. அவர்தான் கர்நாடகக் கச்சேரியின் கடைசியில் அபங்கத்தைக் கொண்டுவந்து சபையைக் கட்டிப்போட்டார். ஜெர்மனியில் குரற்பயிற்சி தந்துவந்த யூஜின் ராபைனிடமும் அவர் தன் குரலைக் காட்டிக் கற்றுக்கொண்டார். பெரிய பாடகியான பின்னும் வேறொரு காதைத் தேடிப் போன அந்த அடக்கத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். 2018-இல் அவருக்கும் 2023-இல் ஜெயஸ்ரீக்கும் மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி கொடுத்தது. இரண்டும் மும்பையில் காது பழகிய குரல்கள்.

மும்பையின் தமிழ்ப் பாட்டு மாதுங்காவோடு முடிந்துவிடுவதில்லை. மாதுங்காப் பக்கத்துச் சண்முகானந்தா அரங்கிலிருந்து ரயில்பாதையைத் தாண்டி நடந்தால் அரைமணிக்குள் தாராவி வந்துவிடும். அங்கேயும் தமிழர்தான், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அங்கேயும் பாட்டு உண்டு. கோயில் கொடையில் உண்டு, தேவாலயப் பாடகர் குழுவில் உண்டு, தெருமுனையிலும் உண்டு. மாதுங்காவின் பாட்டு வகுப்புகள் அந்தப் பாதையைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. சாதி, கட்டணம், பாஷையின் உச்சரிப்பு என்று காரணங்களை எல்லோரும் அறிவோம். இதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

மாதுங்கா போகாத இடத்தில் தாராவிக்கு வேறு வாத்தியார்கள் உருவானார்கள். 2015 வாக்கில் அங்கே தொடங்கிய ஹிப்ஹாப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ராப், பீட்பாக்ஸ், நடனம் எல்லாம் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.  வாத்தியார்களில் மேடையில் பாடுகிற, ஆடுகிற அந்தப் பகுதி இளைஞர்களும் உண்டு. டோனி செபாஸ்டியனும் ராஜேஷ் ராதாகிருஷ்ணனும் தொடங்கிய டோப்அடெலிக்ஸ் குழு இந்தி, மராட்டி, தமிழ் மூன்றிலும் ராப் பாடுகிறது. 2018-இல் 'காலா' படத்துக்குச் சந்தோஷ் நாராயணன் இசையமைத்தபோது தாராவியின் குரலாக அந்தப் படத்துக்குள் நுழைந்தது அவர்கள் குரல்தான்.

அவர்கள் கலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்தவன் வரியை, அடுத்தவன் பாணியை எடுத்துப் பாடினால் அது திருட்டு. முதல் நாளே மாணவன் தன் தெருவைப் பற்றி, தன் வீட்டைப் பற்றித் தானே எழுதித் தன் குரலில் சொல்ல வேண்டும். கர்நாடக சங்கீதத்தில் பத்து வருஷம் குருவைப் போலவே பாடி, பிறகு மெல்ல மெல்லத் தன் குரலுக்கு வந்து சேர்கிறோம். தாராவிப் பையன் தன் குரலில் தொடங்கி, தாளத்துக்கும் மூச்சுக்கும் பிறகு வருகிறான். எந்தச் சொல்லுக்குப் பின்னால் மூச்சு வாங்கலாம், எங்கே வாங்கினால் தாளம் தொங்கும் என்பதைச் சொல்லிக்கொடுக்க, முந்தின வாரம் மேடையில் மூச்சு முட்டிய அண்ணன் ஒருவன் வேண்டும். இரண்டு பக்கமும் வாத்தியார் கொடுப்பது ஒரே பொருள்தான், அந்தக் காதுதான் என்பதைக் கண்டபோது எனக்கு மிகுந்த நிறைவாக இருந்தது. ரயில்பாதையின் இந்தப் பக்கத்து ஆசிரியரும் அந்தப் பக்கத்து ஆசிரியரும் ஒருவர் வகுப்பில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் இருவருக்குமே லாபம்.

ஆகவே பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் பாட்டு டீச்சர் கோயிலிலோ சபாவிலோ பாடப்போகிறார் என்று தெரிந்தால், வகுப்பு ரத்தானதே என்று முகம் சுளிக்காமல் பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்தக் கச்சேரிக்குப் போங்கள். அந்தக் கச்சேரியும் வகுப்புதான். டீச்சர் தடுமாறும் இடத்தையும் பிள்ளை கேட்கட்டும், தடுமாறிய பின் எப்படிச் சுருதிக்குத் திரும்பினார் என்பதையும் கேட்கட்டும். சபாக்களை நடத்துகிறவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். உள்ளூர் ஆசிரியர்களுக்குப் பிற்பகல் மூன்று மணிக் கச்சேரியைக் கொடுத்துக் கடமையை முடித்துவிடாதீர்கள். வருஷத்தில் சில மாலைகளையாவது, ஆறரை மணி முதன்மைக் கச்சேரியாக, தகுந்த சன்மானத்தோடு அவர்களுக்கு ஒதுக்குங்கள். அந்தப் பட்டியலில் தாராவியிலிருந்தும் ஒரு வாத்தியார் பெயர் இருக்கட்டும்.